பைக் ஏத்த எந்த பிக்கப் வாங்கலாம்? காசு கட்டுறதுக்கு முன்னாடி ஒரு டேப் எடுத்துட்டு போங்க

வாசகர் கேள்வி: அண்ணா வணக்கம். என்கிட்ட ஒரு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 இருக்கு, பையன் மோட்டோகிராஸ் பழகுறான், அவன்கிட்ட ஒரு டர்ட் பைக் இருக்கு. மாசத்துல ரெண்டு மூணு தடவை ரெண்டையும் ஏத்திட்டு டிராக்குக்கு போகணும், சில சமயம் வொய்ஃபும் பொண்ணும் வருவாங்க. மூணு வண்டி பார்த்து வச்சிருக்கேன். ஒண்ணு டபுள் கேப் (நாலு கதவு, ரெண்டு வரிசை சீட்டு) ஃபோர் வீல் டிரைவ், ஸ்போர்ட் மாடல், பெரிய டயர், பார்க்கவே சூப்பரா இருக்கு. இன்னொண்ணு எக்ஸ்ட்ரா கேப் (முன் சீட்டுக்கு பின்னாடி கொஞ்சம் இடம் மட்டும்), சாதா மாடல், டூ வீல் டிரைவ். மூணாவது பழைய பெரிய அமெரிக்கன் பிக்கப், வி8 இன்ஜின், இழுவை நாலு டன்னுக்கு மேலன்னு சொல்றாங்க. ஃப்ரெண்டு ஒருத்தர் பைக்குக்கு பின்னாடி ஹிட்ச்ல, அதாவது டிரெய்லர் இழுக்குற கொக்கியில மாட்டுற கேரியர் போதும்ங்கறார். மனசு முதல் வண்டி மேலதான் இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?

தம்பி, வணக்கம். உங்க மனசு முதல் வண்டி மேல இருக்குன்னு எழுதியிருக்கீங்க, இருந்தாலும் நான் ரெண்டாவது வண்டியைத்தான் வாங்க சொல்லுவேன். ஏன்னு பொறுமையா சொல்றேன், ஏன்னா பைக் ஏத்தி இறக்குறதுதான் எனக்கு பல வருஷமா பொழப்பு, பைக் ஏத்துறதுக்குன்னு பிக்கப் வாங்குறவங்க முக்கால்வாசி பேர் இன்ஜினையும் டயரையும் பார்த்துட்டு வாங்கிடுறாங்க, பின்னாடி சாமான் ஏத்துற தொட்டியை யாரும் அளக்குறதே இல்ல, வீட்டுக்கு கொண்டுவந்து முதல் தடவை பைக்கை ஏத்தும்போதுதான் பின் சக்கரம் எங்க நிக்குதுன்னு பார்த்து திகைச்சு போறாங்க.

பைக்கோட மொத்த நீளத்தை விடுங்க, நமக்கு வேண்டியது வேற ஒரு அளவு. கிளாசிக் 350 மொத்த நீளம் 2,145 மில்லிமீட்டர், ரெண்டு சக்கரத்தோட நடுவுக்கும் நடுவுக்கும் தூரம் 1,390. முன் ரிம் 19 இன்ச், டயரோட சேர்த்து ஆரம் கிட்டத்தட்ட 33 செ.மீ. இப்ப முன் டயர் தொட்டியோட முன் சுவத்துல முட்டி நிக்குதுன்னு வைங்க, பின் சக்கரம் தரையை தொடுற இடம் அந்த சுவத்துல இருந்து 33 கூட்டல் 139, அதாவது 1.72 மீட்டர்ல வரும். டபுள் கேப் பிக்கப்ல தொட்டி நீளம் பொதுவா ஒண்ணரை மீட்டர் சுமார்தான். அப்போ உங்க பைக்கோட பின் சக்கரம் தொட்டிக்குள்ளயே இல்ல, திறந்து தொங்குற டெயில்கேட், அதாவது தொட்டியோட பின் கதவு மேல 20 செ.மீ. வெளிய நிக்குது. முன் சக்கரத்தை பிடிச்சு நிறுத்துற வீல் சாக் போட்டா சக்கரம் இன்னும் 5, 10 செ.மீ. பின்னாடி தள்ளிப் போகும். பையனோட பைக் ஃபுல் சைஸா இருந்தா அது இன்னும் மோசம், எடை 110 கிலோ சுமார்தான், ஆனா வீல்பேஸ், அதாவது அந்த நடுவுக்கு நடுவு தூரம், 1.48 மீட்டர் கிட்ட, முன் சக்கரம் 21 இன்ச், பின் சக்கரம் தரை தொடுற இடம் 1.83 மீட்டர். லேசான பைக்தானேன்னு நினைப்போம், நீளத்துல அது உங்க கிளாசிக்கை தாண்டிடும்.

எக்ஸ்ட்ரா கேப்ல தொட்டி சுமார் 1.8 மீட்டர் இருக்கும், ஒரே வரிசை சீட்டு இருக்குற சிங்கிள் கேப்ல 2.3 கிட்ட. பெரிய அமெரிக்கன் வண்டிகள்ல 1.7, 2.0, 2.4ன்னு மூணு நீளம் வருது, நாலு கதவு இருக்குறதுல பெரும்பாலும் அந்த 1.7தான் வரும். ஆக எக்ஸ்ட்ரா கேப்ல உங்க கிளாசிக் பின் சக்கரம் தொட்டித் தரையில உக்காரும், மோட்டோகிராஸ் சக்கரம் சரியா விளிம்புல வரும், அதை கொஞ்சம் சாய்வா, மூலையில இருந்து குறுக்கா நிறுத்தினா உள்ள வந்துடும். டெயில்கேட் மூடாது, அது பரவாயில்ல, திறந்திருக்கலாம், ஆனா எடை அதுமேல உக்காரக் கூடாது, அதுதான் விஷயம்.

இதை இவ்வளவு அழுத்தி சொல்ல காரணம் இருக்கு. ஆரம்பத்துல நான் ஒரு செகண்ட் ஹேண்டு டபுள் கேப் வச்சிருந்தேன். ஒருத்தரோட 250 கிலோ அட்வென்ச்சர் பைக்கை ஏத்திட்டு போறேன், பின் சக்கரம் டெயில்கேட் மேல. ஒரு ஸ்பீடு பிரேக்கர், ஒண்ணும் பெரிய வேகம் கூட இல்ல, பின்னாடி டங்குன்னு ஒரு சத்தம், கண்ணாடியில பார்த்தா பைக் ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது. இறங்கி ஓடி பார்த்தா டெயில்கேட்டோட இடது பக்க கம்பி அறுந்து அது ஒத்தை கம்பியில தொங்கிட்டு இருக்கு, முன்னாடி கட்டின ரெண்டு ஸ்ட்ராப் மட்டும்தான் பைக்கை பிடிச்சு வச்சிருக்கு. பின்னாடி யாராவது பைக்ல வந்துட்டு இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு இன்னைக்கு வரைக்கும் நினைச்சா வயித்தை கலக்குது. அப்புறம் அந்த அறுந்த கம்பியை கையில எடுத்து பார்த்தேன். வெளிய கறுப்பு பிளாஸ்டிக் உறை புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு, உறையை கீறி உள்ள பார்த்தா கம்பி இழையெல்லாம் துருப்பிடிச்சு விரல்ல தேச்சா பழுப்பு பொடியா உதிருது. அதனால எந்த பழைய பிக்கப் பார்த்தாலும் முதல்ல அந்த ரெண்டு கம்பியையும், ரெண்டு முனையில இருக்குற மாட்டியையும் கையால வளைச்சு பாருங்க, சந்தேகம் இருந்தா ரெண்டையும் மாத்திடுங்க, பெரிய செலவு இல்ல.

நீளத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. ஒரே கம்பெனியோட டபுள் கேப்புக்கும் சிங்கிள் கேப்புக்கும் பல சமயம் வீல்பேஸ் ஒண்ணாத்தான் இருக்கும், 3.1 மீட்டர் சுமார், கேபின் நீண்டுட்டதால தொட்டி மட்டும் சுருங்கியிருக்கும். அப்போ டபுள் கேப்ல தொட்டியோட முன் சுவர் பின் ஆக்சிலுக்கு, அதாவது பின் சக்கரங்களை இணைக்கிற தண்டுக்கு ரொம்ப பக்கத்துல வந்துடும், பைக்கோட எடை நடுவு ஆக்சிலுக்கு அரை மீட்டர் பின்னாடி விழும். ரெண்டு பைக் சேர்த்து 305 கிலோன்னா முன் சக்கரங்கள்ல இருந்து 50 கிலோ கிட்ட தூக்கிடும். ஸ்டியரிங் லேசான மாதிரி இருக்கும், ஹெட்லைட் எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும், மழையில பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் பிடிமானம் குறையும். தொட்டி நீளமா இருந்தா அதே எடை ஆக்சிலுக்கு மேலயோ கொஞ்சம் முன்னாடியோ விழும், வண்டி லோடு இருக்குறதையே காட்டிக்காம போகும். ரெண்டு வகையும் ஓட்டினவங்களுக்கு இந்த வித்தியாசம் முதல் வளைவுலயே தெரிஞ்சிடும்.

இப்போ எடை கணக்கு. இதுலதான் உங்க முதல் வண்டியும் மூணாவது வண்டியும் அடிபடுது. இழுவைத் திறன் வேற, சுமைத் திறன் வேற. நாலு டன் இழுக்கும்னா பின்னாடி டிரெய்லர் மாட்டினா இழுக்கும்னு அர்த்தம், தொட்டியில நாலு டன் ஏத்தலாம்னு இல்ல. பேலோடுன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, வண்டியோட அனுமதிச்ச மொத்த எடையில இருந்து காலி வண்டி எடையை கழிச்சா வர்றது, நமக்கு வேண்டியது அது ஒண்ணுதான். ரொம்ப பேர் தப்பு பண்றது எங்கன்னா, அந்த பேலோடுல தொட்டியில இருக்குறது மட்டும் இல்ல, கேபின்ல உக்கார்ற ஆளுங்க, நீங்க அப்புறமா மாட்டின ரோல் பார் (கேபினுக்கு பின்னாடி நிக்கிற வளைவுக் கம்பி), இரும்பு பம்பர், தொட்டியை மூடுற கேனோபி, எல்லாமே அடக்கம்.

உங்க கணக்கையே போடுவோம். நாலு பேர், பொண்ணு சின்னவளா இருந்தாலும் சேர்த்து 247 கிலோன்னு வைங்க. ரெண்டு பைக் 195 கூட்டல் 110, 305. பைக்கை ஏத்துற சாய்வுப் பலகை, அதான் ராம்ப், கட்டுற ஸ்ட்ராப், டூல் பாக்ஸ், பெட்ரோல் கேன், ஹெல்மெட், பூட்ஸ், ரெண்டு நாள் துணிமணி ஒரு 80. ஸ்போர்ட் மாடல்ல வர்ற ரோல் பாரும் நீங்க நிச்சயமா மாட்டப்போற பம்பரும் ஒரு 70. மொத்தம் 702 கிலோ. சாதா மாடல் பிக்கப் நிறைய ஒரு டன் கிட்ட தாங்கும், 300 கிலோ கையிருப்பு இருக்கும், சொகுசா போகலாம். ஆனா அதே வண்டியோட ஸ்போர்ட் மாடல்ல மண் ரோட்டுல குதிச்சு ஓடுறதுக்காக பின்னாடி சஸ்பென்ஷனை மென்மையாக்கி வச்சிருப்பாங்க, சுமைத் திறன் பல சமயம் 600, 650ன்னு இறங்கிடும். ஃபோர்டு ரேஞ்சர்ல சாதா மாடலுக்கும் ராப்டர்ங்கற ஸ்போர்ட் மாடலுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசத்தை பார்த்தாலே புரியும், பார்க்க முரட்டுத்தனமா இருக்குற வண்டிதான் சுமை கம்மியா தாங்குது. பெரிய அமெரிக்கன் வண்டியும் அப்படித்தான், எஃப்-150, ரேம் 1500 மாதிரி வண்டிகள்ல லெதர் சீட்டு, சன் ரூஃப்னு எல்லாம் சேர்ந்த உசத்தி மாடலா இருந்தா பேலோடு 600 கிலோ பக்கத்துல வந்து நின்னுடும், ஒரு சாதா ஹைலக்ஸ் சிங்கிள் கேப் அதைவிட நிறைய தூக்கும். இதை சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, டிரைவர் கதவை திறந்து அந்த தூண்ல ஒட்டியிருக்குற ஸ்டிக்கரை காட்டினாத்தான் நம்புவாங்க. ஸ்டிக்கர் இல்லாத வண்டின்னா ஆர்.சி.யில மொத்த எடையும் காலி எடையும் இருக்கும், கழிச்சுக்குங்க. பழைய வண்டின்னா அதையும் நம்பாதீங்க, டேங்க் நிரப்பி ஒரு எடை மேடையில ஏத்தி நிறுத்துங்க, முந்தின ஓனர் என்னென்ன இரும்பை அதுல வெல்டு பண்ணி வச்சிருக்கார்னு அந்த எடைதான் சொல்லும்.

ஃப்ரெண்டு சொன்ன ஹிட்ச் கேரியர் ஒரே ஒரு லேசான டர்ட் பைக்குக்கு, அதுவும் வலுவான ஹிட்ச் இருக்குற வண்டிக்கு சரி. ஆனா அது எடையை ஆக்சிலுக்கு ரொம்ப பின்னாடி கொண்டுபோய் தொங்க விடுது. 110 கிலோ பைக், 40 கிலோ கேரியர், ஆக 150 கிலோ, பின் ஆக்சிலுக்கு 1.7 மீட்டர் பின்னாடி தொங்கினா நெம்புகோல் மாதிரி வேலை செஞ்சு பின் ஆக்சில்ல 230 கிலோ கிட்ட அழுத்தும், முன்னாடி 80 கிலோ தூக்கும். உங்க கிளாசிக்கை அதுல மாட்டவே மாட்டாதீங்க.

அடுத்தது உயரம். ஃபோர் வீல் டிரைவ், பெரிய டயர்னு போனா தொட்டித் தரை நிலத்துல இருந்து 85 செ.மீ.க்கு வந்துடும், டூ வீல் டிரைவ் சாதா வண்டியில 70க்கு கீழயே இருக்குறதும் உண்டு. கேட்க 15, 20 செ.மீ.தான், ஆனா 195 கிலோ பைக்கை தள்ளுறவனுக்குத்தான் அது எவ்வளவுன்னு தெரியும். 85 செ.மீ. உயரத்துக்கு 1.8 மீட்டர் ராம்ப் போட்டா 28 டிகிரி சரிவு, பைக்கை மேல தள்ளவே 90 கிலோவுக்கு மேல விசை வேணும், அதாவது ஒரு ஆளையே தூக்குற மாதிரி. 2.4 மீட்டர் ராம்ப்னா அது 70 கிலோ ஆகுது. அதே 2.4 ராம்ப்பை 68 செ.மீ. உயரத்துக்கு போட்டா 55தான். நீங்களும் பையனும் சேர்ந்து நிதானமா தள்ளி ஏத்திடலாம். டிராக்ல நாள் முழுக்க ஓட்டி கை கால் ஓஞ்சு போன பிறகு சாயங்காலம் திரும்ப ஏத்தணுமே, அந்த நேரத்தை நினைச்சு முடிவு பண்ணுங்க. டிராக் வரைக்கும் போற பாதை நிஜமாவே சேறும் மணலுமா இருந்தாத்தான் ஃபோர் வீல் டிரைவ் தேவை, இல்லன்னா அந்த எடையும் உயரமும் உங்களுக்கு சுமைதான். வண்டியை இன்னும் உயர்த்துற லிஃப்ட் கிட் பத்தி யோசிச்சா அந்த யோசனையை இன்னைக்கே விட்டுடுங்க.

ராம்ப்பை பத்தி ஒண்ணு கட்டாயம் சொல்லணும். ராம்ப்போட மேல் முனையை தொட்டியோட ஒரு சங்கிலியாலயோ ஸ்ட்ராப்பாலயோ கட்டாம ஒருநாளும் பைக்கை ஏத்தாதீங்க. இன்ஜின் ஓட்டத்துல பின் சக்கரம் ராம்ப் மேல ஏறும்போது அது பைக்கை முன்னாடி தள்ளுற அதே பலத்துல ராம்ப்பை பின்னாடி தள்ளும், முனை சறுக்கி விழுந்துச்சுன்னா பைக்கும் ஆளும் ஒண்ணா கீழ. உக்காந்து ஓட்டி ஏத்துறவங்க வீடியோ எல்லாம் பார்த்திருப்பீங்க, அதை செய்யாதீங்க, பையனையும் செய்ய விடாதீங்க. இடது பக்கம் நின்னு, முதல் கியர்ல கிளட்ச்சை மெதுவா விட்டு, பக்கத்துலயே நீங்க நடக்க இன்னொரு பலகை, இதுதான் முறை. இடம் கிடைச்சா பிக்கப்போட பின் சக்கரம் பள்ளத்துல நிக்கிற மாதிரி நிறுத்துங்க, 10 செ.மீ. பள்ளம் கிடைச்சாக்கூட கை அதை உணரும்.

அகலத்துக்கு வருவோம். தொட்டிக்குள்ள ரெண்டு பக்கமும் வீல் ஆர்ச் மேடா இருக்கும்ல, அதுக்கு நடுவுல இருக்குற சமதளம்தான் நிஜமான அகலம், இந்த சைஸ் வண்டிகள்ல 1.1 மீட்டர் சுமார், பெரிய அமெரிக்கன் வண்டியில 1.28 மாதிரி. அந்த ஒரு விஷயத்துல உங்க மூணாவது வண்டி ஜெயிக்குது, மறுக்க மாட்டேன். ஆனா ரெண்டு பைக்குக்கு டயர் இடம் 1.1 மீட்டர்லயே தாராளமா கிடைக்கும், இடிக்கிறது ஹேண்டில்பார்தான். ஒவ்வொண்ணும் 80 செ.மீ. சுமார், ரெண்டும் நேருக்கு நேர் நின்னா மோதும். கிளாசிக்கை முன்சுவத்தோட முட்டி நேரா நிறுத்திட்டு மோட்டோகிராஸை பின்பக்கமா திருப்பி ஏத்துங்க, ஒரு ஹேண்டில் முன்னாடி, ஒரு ஹேண்டில் பின்னாடின்னு இடம் பிரிஞ்சிடும். திருப்பி ஏத்தினா தொட்டி விளிம்புல வர்றது முன் சக்கரம், எடை கம்மியா இருக்குற பக்கம், அதுவும் நமக்கு நல்லதுதான்.

பிளாஸ்டிக்ல வார்த்து உள்ள உக்கார வைக்கிற பெட் லைனர் இருந்தா அதுமேல ஒரு ரப்பர் மேட் போட்டுடுங்க, இல்லன்னா ஈரத்துல டயரும் வழுக்கும் உங்க பூட்ஸும் வழுக்கும். ஸ்ப்ரே பண்ணின லைனர்னா பிரச்சனை இல்ல. கொக்கி எங்க இருக்குன்னும் பாருங்க, தொட்டி மேல் விளிம்புல மட்டும் கொக்கி இருக்குற வண்டி பைக்குக்கு உதவாது, கீழ தரையோட மூலையில வேணும், அதுவும் மெல்லிய தகட்டுல இல்லாம அடியில இருக்குற குறுக்குச் சட்டத்துல போல்ட் ஆகி இருக்கணும். குனிஞ்சு அடியில டார்ச் அடிச்சு பாருங்க, அப்படியே எடையை தாங்குற லீஃப் ஸ்பிரிங் பட்டை நேரா படுத்துட்டதா, கொஞ்சம் வளைவு மிச்சம் இருக்கான்னும் பார்த்துடலாம். பெட்ரோலா டீசலா, ஆட்டோமேட்டிக்கா மேனுவலான்னு கேட்டா, 300 கிலோ பைக்குக்கு எதுவும் போதும், உங்களுக்கு பிடிச்சதை எடுங்க.

வொய்ஃபும் பொண்ணும் வர்ற நாளுக்கு என்ன பண்றதுன்னு கேப்பீங்க. எக்ஸ்ட்ரா கேப்ல பின்னாடி சீட்டும் சீட் பெல்ட்டும் ஒழுங்கா இருக்கான்னு பாருங்க, சில மாடல்ல வெறும் பலகை மாதிரி இருக்கும், அதுல யாரையும் உக்கார வைக்காதீங்க. நாலு பேரும் எப்பவும் சேர்ந்துதான் போவோம்னா என் பதில் மாறும், அப்போ சாதா மாடல் டபுள் கேப் வாங்கி பைக்கை தொட்டியில ஏத்தாம ஒரு சின்ன ரெண்டு பைக் டிரெய்லர்ல ஏத்துங்க. டிரெய்லர் தரை முட்டிக்கு கீழதான் இருக்கும், ஏத்துறது ரொம்ப சுலபம், அதோட மொத்த எடையில 10ல இருந்து 15 சதவீதம் ஹிட்ச் மேல விழுற மாதிரி பைக்கை முன்னாடி தள்ளி நிறுத்துங்க, அதைவிட குறைஞ்சா வேகத்துல டிரெய்லர் வால் ஆட்டும். ஆனா நீங்க எழுதினதை வச்சு பார்த்தா பெரும்பாலும் நீங்களும் பையனும்தான், அதனால எக்ஸ்ட்ரா கேப்தான்.

வண்டி பார்க்க போகும்போது கிளாசிக்கை ஓட்டிட்டே போங்க, ராம்ப் கேட்டு வாங்கி அங்கேயே ஏத்தி பாருங்க. விக்கிறவர் முகம் சுளிச்சா சுளிக்கட்டும். ஏத்த விடலன்னா டேப்பை வச்சு முன் சுவத்துல இருந்து 1.72, 1.83 ரெண்டு இடத்துலயும் சாக்பீஸ்ல கோடு போட்டு பாருங்க.

கட்டுறது பத்தி நீங்க கேக்கல, ஆனாலும் எழுதிடுறேன். பைக்குக்கு நாலு ஸ்ட்ராப், ஒவ்வொண்ணுலயும் லேபிள்ல இருக்குற வேலைச் சுமை எண்ணை பாருங்க, அறுபடுற சுமை எண்ணை பார்த்து ஏமாறாதீங்க, அது மூணு மடங்கு பெருசா போட்டிருக்கும். முன்னாடி ரெண்டையும் ஃபோர்க்கை (முன் சக்கரத்தை தாங்குற ரெண்டு குழாய்) பிடிச்சிருக்குற கீழ் கிளாம்ப்ல சாஃப்ட் லூப்ங்கற மெத்துன்னு இருக்குற துணி வளையம் போட்டு, முன்பக்கமா கீழ ரெண்டு மூலைக்கும் 45 டிகிரி சாய்வுல இழுங்க, ஃபோர்க் பாதி அமுங்கினா போதும், முழுசா அமுக்கி வச்சா எண்ணெய் கசியாம தடுக்குற சீல் போயிடும். மோட்டோகிராஸுக்கு முன் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல ஃபோர்க் பிரேஸ்ங்கற ஒரு முட்டுக்கட்டை வச்சுக்கிட்டா அந்த கவலையும் இல்ல. பின்னாடி ரெண்டும் பின்பக்கம் ஆடாம இருக்க மட்டும்தான், லேசா இழுத்தா போதும். சைடு ஸ்டாண்டை மடக்கிடுங்க, பைக் நேரா ஸ்ட்ராப்லயே நிக்கணும். ஸ்ட்ராப்போட மிச்ச வாலை முடிச்சு போட்டு கட்டிடுங்க, காத்துல அடிச்சு அடிச்சு பெயின்ட்டை உரிச்சிடும். கிளம்பி 10, 15 கிலோமீட்டர் போனதும் ஓரமா நிறுத்தி நாலையும் கையால இழுத்து பாருங்க, டயரும் ஃபோர்க்கும் ஒரு நிலைக்கு வந்து உக்காந்திருக்கும், ஏதாவது ஒண்ணு தளர்ந்துதான் இருக்கும்.